அடிக்கத் தோதாக

காலை ஐந்தே முக்கால்.
ஆனைமலையில் தும்பிக்கைப் பக்கம் மட்டும்
லேசாக வெளுத்திருக்கிறது.
ஒத்தக்கடைப் பள்ளிக்கூட மைதானத்தில்
பி.டி. டீச்சர் சுண்ணாம்பில் கிழித்த கோட்டில் நான்.
நாற்பதடி தள்ளி என் மகள்,
கையில் பள்ளிக்கூடத்து அலுமினிய மட்டை,
தலையில் பெனிட்டாவின் ஹெல்மெட்.

பக்கெட்டில் பதினோரு பந்து.
பன்னிரண்டாவது போன மாசத்திலிருந்து
கருவேலங்காட்டில் இருக்கிறது.

"ஆளுக்கு அம்பது பந்தாவது அடிக்கணும்,
நான் ஒருத்தி பதினாலு பேருக்கு எப்படிப் போட?
வீட்டுல யாராச்சும் வாங்க" என்றார் டீச்சர்.
வந்தது மூன்று பேர்.
ஷேர் ஆட்டோ மீரான் பாய்
முதல் சவாரிக்கு முன்னால் அரைமணி நேரம் வருவார்.
தோளுக்கு மேலே கையைத் தூக்கி கிரிக்கெட்டுக்குப் போடுவார்,
"கீழருந்து பாய், கீழருந்து!" என்று பிள்ளைகள் கத்தும்.
ஜெபமாலை அக்கா போடுவது
பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிடும்.
நடந்துபோய் எடுத்து
அங்கிருந்தே மறுபடி போடுவாள்.

எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
பதினாறு வருசமாகச் செங்கல் வீசுகிற கை.
தரையில் நான், சாரத்தில் பூமாறன்.
அவர் குனியக் கூடாது, எட்டவும் கூடாது.
மேலே போன கல்
வேகம் தீர்ந்து ஒரு நொடி சும்மா நிற்குமே,
அங்கே அவர் கை இருக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குக் கூலி.
தவறினால் கீழே நிற்கிற தலையும் என்னுடையது.

அந்தக் கையால்தான் போட்டேன்.
இடுப்புக்கு நேரே, மட்டைக்குத் தோதாக.
டிங்.
டிங். டிங்.
மீரான் பாய் போனில் படம் பிடித்து
குரூப்பில் போட்டார்.

சனிக்கிழமை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மேட்ச்.
திருமங்கலத்துப் பிள்ளை ஒன்று, ஒல்லிக்குச்சி,
கையை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது.
பந்து கிளம்பியதா என்று நான் பார்ப்பதற்குள்
பின்னால் உட்கார்ந்தவள் கையுறையில் சத்தம்.
வர்ணிகா மூன்று தரம் ஆடப் போனாள்.
மூன்று தரமும் காற்றைத்தான் அடித்தாள்.

பஸ்ஸில் பேசவே இல்லை.
மாட்டுத்தாவணி தாண்டியதும் சொன்னாள்:
"நீ போடுறதையே அடிச்சு அடிச்சு
எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கன்னு
நெனச்சுட்டேன்மா."
குறையாகச் சொன்ன மாதிரியும் இல்லை.
இலவச டிக்கெட்டை நான்
எட்டாக மடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சைட்டில்
மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தேன்.
கல் பூமாறன் காதோரம் போய்
புதுச் சுவரில் உடைந்தது.
"என்னத்தா, என்னைக் கொன்னுட்டு
மேஸ்திரி ஆகப் போறியா?"
மன்னிப்புக் கேட்டேன்.
உடைந்த கல்லுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஆனாலும் கைக்கு அது பிடித்திருந்தது,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை.
முதல் பந்து அவள் தொடையில் பட்டது.
சத்தம் எனக்கு இங்கே கேட்டது.
ஓடப் போனேன், மட்டையை நீட்டி நிறுத்தினாள்.
தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.
"ம். அடுத்தது."

பதினெட்டுப் பந்து அடிபடவே இல்லை.
ஜெபமாலை அக்கா முகத்தைச் சுளித்தாள்,
"பெத்தவளா நீ?"
பத்தொன்பதாவது மட்டை நுனியில் உரசி
கோணலாகப் பறந்து கருவேலங்காட்டுக்குள் போனது.
தேடப் போனவள்
கையெல்லாம் முள் கீறி எடுத்துவந்தது அதை இல்லை,
பழைய பன்னிரண்டாவதை.
ஊறிப் பருத்து, தையல் விட்டு,
உள்ளே எறும்பு.

ஆறு நாற்பது.
ஏழு மணிக்குக் கலவை மெஷின் லாரி
பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடும்.
கடைசிப் பந்தை எடுத்துக்கொண்டு கேட்டேன்:
"இதை எப்படிப் போட, அடிக்கிற மாதிரியா,
இல்ல அவ போட்ட மாதிரியா?"

"சொல்லிட்டா போடுவாங்க?" என்று
மட்டையைத் தோளுக்கு ஏற்றினாள்.

கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
தையல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று
விரலால் தேடினேன்.